கணினி கேள்வி–பதில்: கெர்னலுக்குள் கோபுரம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எல்லாம் உபுண்டு லினக்ஸ். பூட் ஆகும்போது மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் அசைபடமாக வந்து, கீழே தமிழில் ‘வணக்கம்’ தெரியவேண்டும் என்று மாணவர்கள் இயங்குதளத்தின் மையமான கெர்னலையே கம்பைல் செய்யக் கிளம்பிவிட்டார்கள். விடலாமா?
– ஆய்வக உதவியாளர், திருமங்கலம்

பதில்: கோபுரம் வரட்டும், கெர்னலுக்குள் வேண்டாம். அங்கே ஒரு பாயின்டர் (நினைவக முகவரி) தப்பினால் மொத்த மெஷினும் நின்றுபோகலாம். ஃபெடோரா லினக்ஸ் 2008-இல் கொண்டுவந்த பிளைமவுத் என்ற மென்பொருள் இதே வேலையைக் கெர்னலுக்கு வெளியே செய்கிறது. உபுண்டுவிலும் அதுதான் இருக்கிறது.

கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் அலங்காரம் பெங்குவின் லோகோ: 80×80 புள்ளி, 224 நிறத்துக்குள் ஒரு பிபிஎம் வகைப் படம். அது அசையாது. பிராசசரின் கோருக்கு ஒன்று வீதம் வரும் என்பதால், அதன் இடத்தில் கோபுரத்தை வைத்தால் எட்டு கோர் மெஷினில் எட்டு கோபுரம் வரிசைகட்டும். தமிழ் எழுத்தை அங்கே எதிர்பார்க்கவே வேண்டாம். கன்சோல் (வெறும் எழுத்துத் திரை) எழுத்துரு 512 வடிவங்களுக்கு மேல் தாங்காது; ‘கொ’வில் கொம்பை முன்னால் போடவும் அதற்குத் தெரியாது.

சொந்தக் கெர்னலில் வேறு தொல்லையும் உண்டு. செக்யூர் பூட் போட்டிருந்தால், கையொப்பமில்லாத கெர்னல் ஏறாது. உபுண்டுவின் பாதுகாப்பு அப்டேட்டும் அதற்கு வராது. ஒவ்வொரு முறையும் நீங்களே கம்பைல் செய்து எல்லா மெஷினிலும் போடவேண்டும். ஒரு படத்துக்காக இந்தப் பாடு தேவையே இல்லை.

பிளைமவுத் தீம் ஃபோல்டரில் புதிய ஃபோல்டர் திறந்து, கோபுரத்தைப் பிஎன்ஜி படங்களாகவும் ‘வணக்கம்’ என்பதைத் தனிப் படமாகவும் வையுங்கள். தீம் கோப்பும் ஸ்கிரிப்டும் எழுதி அதை டிஃபால்ட் ஆக்கியபின், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை அப்டேட் செய்யுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். விட்டால் பழைய படமே வரும். கெர்னலை ஏற்றும் கிரப்பின் கட்டளை வரியில் ‘ஸ்பிளாஷ்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். பூட் பாதியில் நின்றால் எஸ்கேப் விசையை அழுத்துங்கள், செய்திகள் தெரியும்.

கேள்வி: கறுப்புத் திரையில் ஷிஃப்ட்டும் பேஜ்-அப்பும் அழுத்தினால் முன்பு மேலே நகரும். இப்போது நகரவில்லையே?
– வாசகர், மேலூர்

பதில்: அந்தத் திரையைக் காட்டும் ஃபிரேம்பஃபர் கன்சோலில் அந்த வசதியை 2020-இல், கெர்னலின் 5.9 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பராமரிக்க ஆளில்லாத நிரல் அது, பாதுகாப்புக் குறையும் அதில் வந்தது. பழைய செய்திகளுக்கு ‘டிமெசேஜ்’ கட்டளையின் வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் ‘லெஸ்’ஸுக்குள் அனுப்புங்கள், மற்ற வேலைக்கு, திரையைப் பின்னோக்கி நகர்த்தவிடும் ‘டிமக்ஸ்’ போதும்.