கிணற்றுச் சிமெண்டிங்: கேள்வி பதில்

கேள்வி: எண்ணெய்க் கிணற்றில் இறக்கிய இரும்புக் குழாயான கேசிங்கைச் சுற்றிச் சிமெண்ட் போட்ட பிறகும் காஸ் ஏறுகிறது. சிமெண்டில் தரமில்லையா?

பதில்: சிமெண்டைக் குறை சொல்லுமுன் மட் (துளையிடும்போது கிணற்றில் சுற்றவிடும் சேற்றுக் கலவை) முழுதாக வெளியேறியதா என்று பாருங்கள். கேசிங் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சிமெண்ட் அகலமான பக்கத்திலேயே ஏறிவிடும். குறுகிய பக்கத்தில் மட் அப்படியே தங்கிவிடும். பிறகு காஸுக்கு அதுதான் வழி. சென்ட்ரலைசர் போட்டுக் கேசிங்கை நடுவில் நிறுத்துங்கள். மட்டை நன்றாகச் சுற்றவிட்டு இளக்குங்கள், மட்டையும் சிமெண்டையும் பிரிக்கும் ஸ்பேசர் திரவம் விடுங்கள், முடிந்தால் கேசிங்கைச் சுழற்றுங்கள்.

கேள்வி: சிமெண்டுக்கு முன்னும் பின்னும் கேசிங்குக்குள் விடும் அடைப்பான்கள், அதாவது பிளக் இரண்டும் அவசியமா?

பதில்: ஆமாம். கீழ் பிளக்கின் சவ்வு அழுத்தத்தில் கிழிந்து சிமெண்டுக்கு வழிவிடும். மேல் பிளக் கிழியாது. வரிசை மாறினால் சிமெண்ட் கேசிங்குக்குள்ளேயே நின்றுவிடும். ஏற்றும்போது இருவர் பாருங்கள்.

கேள்வி: கிணற்றில் 130 டிகிரி செல்சியஸ் வெப்பம். எண்ணெய்க் கிணற்றுக்கான கிளாஸ் ஜி சிமெண்ட் மட்டும் போதுமா?

பதில்: போதாது. 110 டிகிரிக்கு மேல் போனால் நாளாக ஆகச் சிமெண்டின் வலு குறையும். சிமெண்ட் எடையில் 35 முதல் 40 சதவீதம் சிலிக்கா சேருங்கள்.

கேள்வி: சிமெண்ட் இறுக எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்?

பதில்: உங்கள் கிணற்றின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஆய்வகம் சோதித்துச் சொல்லும் நேரம். பக்கத்துக் கிணற்றின் கணக்கு வேண்டாம்.

கேள்வி: எங்களுக்கு எட்டு மணி போதுமா?

பதில்: மேலே சொன்னதுதான். ஆய்வகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: 2010-இல் மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் 21 சென்ட்ரலைசர் பரிந்துரைத்த இடத்தில் 6 மட்டும் போட்டதுதானே வெடி விபத்தாகி 11 பேர் உயிரைப் பறித்தது?

பதில்: அது மட்டும் இல்லை. காஸ் கேசிங்கின் வெளிப்பக்கமாக அல்ல, அடி வழியாக நுழைந்து, உள்ளேயே ஏறியது என்பதே விசாரணைகளின் முடிவு. நைட்ரஜன் நுரை சிமெண்ட் நிலையாக நிற்கவில்லை என்று பின்னர் நடந்த ஆய்வகச் சோதனைகள் காட்டின.

கேள்வி: 21 போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றுதான் எங்கள் ரிக்கில் எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: சென்ட்ரலைசர் குறைந்ததை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் கடைசிச் சோதனையைப் பாருங்கள். கிணற்றின் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தபோது டிரில் பைப்பில் (துளையிடும் குழாய்) 1,400 பிஎஸ்ஐ அழுத்தம் நின்றது, கில் லைனில் (கிணற்றோடு இணைந்த பக்கக் குழாய்) ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு விளக்கம் சொல்லிச் சோதனை தேறிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். சிமெண்ட் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று அளக்கும் பாண்ட் லாக் எடுக்க வந்த குழுவையும் அன்று காலையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுத்தம் ஏன் நிற்கிறது என்று தெரியாமல் அடுத்த வேலையைத் தொடாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கேள்வி: வீட்டு போர்வெல்லுக்கும் இதே கிளாஸ் ஜி வாங்கலாமா?

பதில்: தேவையில்லை. உங்கள் ஊர் போர்வெல்காரரைக் கேளுங்கள்.