கத்தரிக்காயைச் சாய்க்கலாம், இலவம்பாடியைச் சாய்க்க வேண்டாம்

கேள்வி: வேலூரில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரி பற்றி ஆங்கிலத்தில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதினேன். 'இட்டாலிக்ஸ் (சாய்வெழுத்து) எல்லாம் தாறுமாறு' என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். எதைத்தான் சாய்ப்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். லத்தீன் வாடை அடிக்கிற எல்லாவற்றையும் சாய்த்துவிட்டீர்கள். சிக்கல் அங்கேதான்.

முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். 'சொலானம் மெலோஞ்சினா எல்.' என்று எழுதியிருக்கிறீர்கள். சொலானம் பேரினம், முதல் எழுத்து பெரிய எழுத்தில், சாய்வாக. மெலோஞ்சினா சிற்றினம்; முழுக்கச் சின்ன எழுத்தில், அதுவும் சாய்வாக. கடைசியில் நிற்கிற 'எல்.' செடியின் பெயரே இல்லை. 1753இல் இந்தப் பெயரை வெளியிட்ட லின்னேயஸ் என்கிற மனிதரின் சுருக்கம். அவரை நிமிர்ந்தே நிற்க விடுங்கள். இலவம்பாடியும் அப்படித்தான். அது ஊர்ப் பெயர், அந்த ரகத்துக்கும் அதுவே பெயர். ரகப் பெயர் சாயாது. சொலனேசி என்ற குடும்பப் பெயரைப் பெரும்பாலான ஆய்விதழ்கள் நேராகத்தான் அச்சிடுகின்றன.

இரண்டாம் முறை 'எஸ். மெலோஞ்சினா' என்று சுருக்கும்போது அந்த எஸ்ஸையும் சேர்த்துச் சாய்க்க வேண்டும். நீங்கள் அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். சிற்றினம் தெரியாதபோது போடும் 'எஸ்பி.', வகையைக் குறிக்கும் 'வார்.' ஆகிய இரண்டும் நேர் எழுத்து, 'வார்.' என்பதற்குப் பின்னால் வரும் பெயர் சாய்வு. நுண்ணுயிரியல் படிக்கும் தோழிகள் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: டைஃபாய்டு கிருமியில் சால்மொனெல்லா சாயும், டைஃபி சாயாது. டைஃபி சிற்றினமல்ல, சிற்றினத்துக்குள் வரும் ஒரு பிரிவான சீரோவகை. அதனால்தான் அதன் முதல் எழுத்தும் பெரிய எழுத்து.

சரி, முன்னுரைக்கு வருவோம். தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டதைச் சொல்லி, 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டியிருக்கிறீர்கள். 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் எதிர் யூனியன் ஆஃப் இந்தியா' என்று வழக்கின் பெயராக வரும்போது முழுவதும் சாய்வு. அடுத்த பத்தியில் அந்த ஃபோரம் வழக்குப் போட்டது என்று எழுதும்போது அது வெறும் அமைப்பின் பெயர், நேர் எழுத்து. எழுத்து ஒன்றுதான், வேலை வேறு.

புத்தகம், ஆய்விதழ், நாளிதழ் பெயர்கள் சாய்வு. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் நூற்பட்டியல் தயாரித்தால் கட்டுரைத் தலைப்பு நேர், இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வு, அடைப்புக்குறிக்குள் வரும் வெளியீட்டு எண் மறுபடி நேர்.

நம் ஊர்ச் சொற்கள்? ஆங்கில அகராதியில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். தோசையும் பிரியாணியும் ஏறிவிட்டன, சாய்க்க வேண்டாம். ஆற்காடு மக்கன் பேடா என்கிற இனிப்பு ஏறவில்லை. அப்படிப்பட்ட சொல்லை முதல் தடவை மட்டும் சாய்த்து, பொருள் சொல்லிவிட்டு, பிறகு நேராக எழுதினால் போதும். பக்கத்துக்குப் பத்து முறை நம் ஊர்ச் சொல்லைச் சாய்ப்பது அதை வேற்றாளாக நிறுத்துவது போல எனக்குப் படுகிறது.

அழுத்தத்துக்காக நீங்கள் சாய்த்த 'வெரி', 'ஹைலி' எல்லாவற்றையும் நேராக்கிவிடுங்கள். ஆய்வறிக்கையில் அழுத்தத்தைத் தரவு கொடுக்கட்டும்.

அப்புறம், சுருக்கவுரை முழுவதையும் சாய்வில் வைத்திருக்கிறீர்கள். அதற்குள் வரும் அறிவியல் பெயர் நேராக வர வேண்டும். இல்லையென்றால் தனித்துத் தெரியாது. சுருக்கவுரையையே நேர் எழுத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

வேர்டில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். ரிப்ளேஸ் பெட்டியைத் திறந்து இரண்டு கட்டத்திலும் அதே பெயரை எழுதி, கீழ்க் கட்டத்தில் கர்சரை வைத்து கண்ட்ரோல் ஐ தட்டி, 'ரிப்ளேஸ் ஆல்' கொடுங்கள். தேர்வுத் தாளில் கையால் எழுதும்போது சாய்வுக்குப் பதில் அடிக்கோடு. பேரினத்துக்கு ஒரு கோடு, சிற்றினத்துக்குத் தனியாக ஒரு கோடு. இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துவிடாதீர்கள்.