பட்டறைப் பதில்கள்: அப்பாவின் புல்லட்டுக்கு வேறு இன்ஜின்

கேள்வி: ஐயா, என் அப்பா ஓட்டிய 1974 மாடல் புல்லட் 350 வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. தொண்ணூறுகளில் அப்பா ஆசைப்பட்டு அதை மாற்றிக் கட்டினார். முன் ஃபோர்க்கை நீட்டி, ஹேண்டில்பாரை உயர்த்தி, பின் மட்கார்டை வெட்டி, சீட்டைத் தாழ்த்தி வைத்தார். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) முறிந்து, இன்ஜின் முன்பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. அன்றைக்கு நின்றதுதான். இப்போது சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய புல்லட் இன்ஜினை விலை பேசி வைத்திருக்கிறேன். மாட்டினால் ஓடிவிடும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். ஓடுமா? ஆர்.சி. புக்கில் சிக்கல் வருமா? ஐம்பது வருடம் தாண்டிவிட்டதால் விண்டேஜ் வண்டியாகப் பதிய முடியுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் பழைய இன்ஜினை இறக்கி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

காரணம் இதுதான். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், இரண்டு பாதிகளைச் சேர்த்த இன்ஜின் அடிக்கூடான கிராங்க்கேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிலிண்டரும் ஹெட்டும் கிராங்க்கும் மாறினாலும் அந்த எண் மாறாது. உங்கள் கிராங்க்கேஸைக் காப்பாற்ற முடிந்தால், வாங்கும் இன்ஜினில் இருந்து கிராங்க், சிலிண்டர், ஹெட், ஆயில் பம்ப் எல்லாவற்றையும் எடுத்து உங்கள் கேஸுக்குள் போட்டுவிடலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஜின் எண்ணுக்காக நிற்க வேண்டிய வேலையே இல்லை. ஓட்டை முன்சுவரில் மட்டும் இருந்தால் நல்ல ஆர்கான் வெல்டிங்காரர் அடைத்துத் தருவார். பேரிங் உட்காரும் இடத்திலோ, ஆயில் போகும் துளைகளிலோ விரிசல் ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, அடிபட்ட பாதியை மட்டும் வேறு இன்ஜினில் இருந்து எடுத்து மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துத்தான் பேரிங் துளைகளைக் கடைந்திருப்பார்கள். வேறு வேறு பாதிகளை ஜோடி சேர்த்தால் கிராங்க் நேராக நிற்காது.

கேஸ் தேறாது என்றால்தான் முழு இன்ஜின். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி இன்ஜினை மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் திருத்தம் செய்துகொள்ள வேண்டும். அதனால் எந்த ஊரில் வாங்கினாலும் பில் இல்லாத இன்ஜின் வேண்டாம். அது எந்த வண்டியில் இருந்து இறங்கியது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதா என்று காகிதத்தில் கேளுங்கள். எண்ணை அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். உங்கள் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும்.

விண்டேஜ் பதிவு பற்றிக் கேட்டீர்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 வருடம் கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசையில் எண் தருகிறார்கள். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் வண்டி தயாரித்தபடியே இருக்க வேண்டும். சேசிஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் கூடாது. அப்பா செய்த வேலைக்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. வருத்தப்பட வேண்டாம், அந்த எண் கிடைத்தாலும் கண்காட்சிக்கும் விண்டேஜ் ராலிக்கும்தான் எடுத்துப் போகலாம், தினமும் ஓட்ட முடியாது.

அப்பா ஆசையாகக் கட்டியது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த நீண்ட ஃபோர்க்கைக் கழற்றி வீட்டில் நினைவாக வைத்துக்கொண்டு, புல்லட்டின் சொந்த ஃபோர்க்கைப் போடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நீண்ட ஃபோர்க் வண்டி மெதுவாகப் போகும்போது ஹேண்டில் மடங்கி விழும். கும்பகோணத்துச் சந்துகளில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? உயர்ந்த ஹேண்டில்பாரையும் தாழ்ந்த சீட்டையும் பற்றி, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். நான் சொல்வதெல்லாம் திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் இருந்து வந்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜினுக்கு. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. வெளியே அலுமினிய பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள், அதைப் பார்க்காதீர்கள். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர் வாயில் இருந்து விரல் நகத்தைக் கீழே இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு படியில் தட்டினால் ரீபோரும் (சிலிண்டரைக் கடைவது) புது பிஸ்டனும் செலவுக் கணக்கில் சேரும். அப்புறம் கனெக்டிங் ராடை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக இழுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது சகஜம். மேலும் கீழும் துளி ஆட்டம் இருந்தாலும் பிக் எண்ட், அதாவது ராடின் கீழ் முனைப் பேரிங், போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் பழைய இன்ஜின் எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் எண்ணெய் போய்ச் சேராமல்தான். பிக் எண்டுக்கு எண்ணெய் கிராங்க்கின் முனை வழியாகத்தான் உள்ளே போகிறது. டைமிங் கவருக்குள் அந்த இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கிறது. சில்லறைக் காசு பெறும் சாமான். அது காய்ந்து நொறுங்கினால் பம்ப் தள்ளுகிற எண்ணெய் ராடுக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். எந்த இன்ஜின் வாங்கினாலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். பம்பை ஓட்டும் வோர்ம் நட் ரிவர்ஸ் த்ரெட் என்பதை மெக்கானிக்குக்கு நினைவுபடுத்துங்கள். வழக்கம்போலத் திருகி அதைக் கெடுத்தவர்கள் நிறைய.

மாட்டும்போது ஒரு சோதனை செய்யலாம். புல்லட் சேசிஸில் இன்ஜினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன் பிளேட்டையும் பின் பிளேட்டையும் இணைப்பதே இன்ஜினும், அதன் முதுகில் போல்ட் போட்ட கியர்பாக்ஸும்தான். ஆகவே போல்ட்டுகள் கையால் தள்ளினால் போக வேண்டும். கடப்பாறை போட்டு நெம்பித்தான் துளை சேருகிறது என்றால் சேசிஸ் முறுக்கியிருக்கிறது. வெட்டி ஒட்டிய வண்டி, அதனால் சந்தேகம் இன்னும் அதிகம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

வாங்கும் இன்ஜின் பிந்தைய மாடலாக இருந்தால் 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் வரும். உங்கள் வண்டியில் 6 வோல்ட் வயரிங்கும் பல்புகளும் இருந்தால் ஒன்றோடொன்று சேராது. ரெகுலேட்டர், பாட்டரி, காயில், பல்பு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய துணி சுற்றிய வயரை இழுத்துப் பார்த்து ‘இது போதும்’ என்று யாரும் சொல்லக் கேட்காதீர்கள்.

இனி ஸ்டார்ட் பண்ணுவது. பெட்ரோலை ஊற்றி உடனே உதைப்பது நம் ஊர் வழக்கம். வேண்டாம். நீண்ட நாள் நின்ற புல்லட் இன்ஜினில் எண்ணெய் அதன் இடத்தில் இருந்து கசிந்து கிராங்க் பக்கம் வந்து தேங்கும். அடியில் உள்ள டிரெயின் பிளக்குகளைத் திறந்து முழுக்க வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 எண்ணெய் சுமார் இரண்டேகால் லிட்டர் ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் மேல் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவைத்துக் கிக்கரை நிதானமாக மிதியுங்கள். அங்கே எண்ணெய் கசிந்து வர வேண்டும். வரும்வரை ஸ்பார்க் பிளக்கைத் திரும்ப மாட்டவே கூடாது. கால் வலிக்கும், பரவாயில்லை.

வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட், இன்ஜினின் வலப்பக்கச் சின்ன மூடிக்குள் இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வால்வுகள் மூடிய நிலையில், புஷ்ராட் இரண்டும் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங்குக்கு, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கையில் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் துளையில் ஸ்போக் கம்பியை விட்டு அளந்துகொண்டு, பாயின்ட் நடுவில் சிகரெட் தாள் ஒன்றைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே இருப்போம். தாள் எந்தக் கணம் விடுபடுகிறதோ அதுதான் திறக்கும் இடம். இதைவிடத் துல்லியமான கருவிகள் வந்துவிட்டன. எனக்கு இன்னும் தாள்தான் பழக்கம். பாயின்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அட்வான்ஸ் யூனிட்டில் துரு பிடித்து ஒட்டிக்கொண்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்கால் போய்விடும், அதைக் கட்டாயம் பாருங்கள்.

பெட்ரோல் டாங்கையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்வது உங்கள் மெக்கானிக்குக்குத் தெரியும். ஜெட்டில் ஊசி விட்டுக் குத்த வேண்டாம், காற்றடித்தால் போதும். ரப்பர் குழாயைப் புதிதாக மாற்றுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் தாங்குவதில்லை.

உதைக்கும் முறையும் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி, ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்து நின்றதும் சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிது தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. ஆக்சிலரேட்டரைத் திருகாதீர்கள். ஓடத் தொடங்கியதும் நீலம் கலந்த வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருந்த எண்ணெய் எரிகிறது. சில நிமிடத்தில் அடங்காவிட்டால் மட்டும் நிறுத்திவிட்டு எழுதுங்கள். முதல் 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, எண்ணெயை மாற்றிவிடுங்கள். அதுவரை பின்னால் ஆளை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் டீசல் புல்லட் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் போட்டு ஓட்டலாமா? (வாசகர், தேனி)

பதில்: கம்பெனியே விற்ற டாரஸா, பட்டறையில் டீசல் இன்ஜின் மாட்டியதா என்று எழுதவில்லையே. டாரஸ் என்றால் அதில் இருப்பது 325 சி.சி. லொம்பார்டினி இன்ஜின், ஆறரை குதிரைத்திறன். வேகம் வராது, அதிர்வு பல்லைக் கழற்றும். ஆனால் வயல் ஓரம் மூட்டை ஏற்றிக்கொண்டு போவதற்கு அந்த வண்டிக்கு ஈடு கிடையாது. இன்றைக்கு அது அரிய வண்டி. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் வேண்டும் என்றால் வேறு புல்லட் வாங்குங்கள். பட்டறையில் மாட்டியது என்றால் முதலில் ஆர்.சி.யில் எரிபொருள் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் என்றே இருந்தால் திருப்பி மாற்றுவதுதான் உங்களுக்கு நல்லது.

கேள்வி: பழைய புல்லட் சேசிஸில் புது யு.சி.இ. இன்ஜின் உட்காருமா? இங்கிலாந்தில் இப்படி மாற்றிக் கட்டுவார்களாமே? (மாணவர், கோவை)

பதில்: நேராக உட்காராது. 2008-க்குப் பிறகு வந்த அந்த இன்ஜினில் கியர்பாக்ஸும் கிராங்க்கும் ஒரே கூட்டுக்குள். பழைய பிளேட்டுகளும் துளைகளும் அதற்குப் பொருந்தா. வெட்டி ஒட்டினால் சட்டமும் இடிக்கும்.

நீங்கள் சொல்வது டிரைட்டான் வண்டியை. நார்ட்டன் கம்பெனி பைக்கின் ஃபெதர்பெட் சேசிஸில் ட்ரயம்ப் கம்பெனி இன்ஜின் போட்டுக் கட்டுவது. 500 சி.சி. பந்தயக் கார் கட்டியவர்களுக்கு நார்ட்டன் இன்ஜின் தேவைப்பட்டது, கம்பெனி இன்ஜினைத் தனியாக விற்க மறுத்தது. ஆகவே முழு பைக்கை வாங்கி இன்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். மிஞ்சிய சேசிஸ்கள் மலிவாகக் கிடைத்தன. அங்கேயும் பிளேட்டுகளை அளந்து வெட்டி, செயின் வரிசை நேராக வர, லேத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்துதான் செய்தார்கள். உங்களுக்கு அந்த வேலை பிடித்திருந்தால், கல்லூரிப் பட்டறையில் ஓடாத சேசிஸ் ஒன்றை எடுத்து, சாலைக்குக் கொண்டுவராமல் செய்து பாருங்கள். செயின் வரிசையை எப்படி அளப்பது என்று தனியாக எழுதிக் கேட்டால் படத்தோடு சொல்கிறேன்.