'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல்?

கேள்வி: ஆம்பூரில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். 'வீ வில் சென்ட் த சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே' என்று எழுதினேன். வெள்ளிவரை தினமும் அனுப்புவீர்களா என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார். 'டில்' என்றால் 'வரை' என்றுதானே பொருள்?

பதில்: பொருள் அதுவே, ஆனால் உங்கள் வாக்கியத்துக்கு வேண்டியது 'வரை' அன்று, 'க்குள்'. ஒரு செயலோ நிலையோ குறித்த காலம்வரை தொடர்ந்து நீடித்தால் 'டில்' அல்லது 'அன்டில்' என்றும், அந்தக் காலத்திற்குள் ஏதோ ஒரு வேளையில் செயல் முடிந்துவிடும் என்றால் 'பை' என்றும் எழுத வேண்டும். வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்படாமல் இருந்தது 'டில் 1989'. வேலூர் மாவட்டம் மூன்றாகிவிட்டது 'பை தி எண்ட் ஆஃப் 2019'. ('டில்' என்பது 'அன்டில்' என்பதன் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் 'டில்'தான் மூத்தது.)

குழப்பத்திற்கு ஒரு காரணம் உண்டு. 'வெள்ளிவரை டைம் கொடுங்கள்' என்று கேட்கும்போது நீடிப்பது அவகாசம் என்பதால், அங்கே 'டில் ஃப்ரைடே' சரியே. அதே கெடுவுக்குள் பொருளை அனுப்புவதைச் சொன்னால் 'பை ஃப்ரைடே' ஆகிவிடும்.

இதைவிட அதிகம் கண்ணில் படும் பிழை 'விதின் ஃப்ரைடே'. 'மூன்று நாட்களுக்குள்', 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று இரண்டிற்கும் தமிழில் ஒரே 'க்குள்' போதுமானதாக இருப்பதால் வரும் பிழை இது. ஆங்கிலத்திலோ 'விதின்' கால அளவையே ஏற்கும்: 'விதின் த்ரீ டேஸ்' எனலாம், கிழமைக்கும் தேதிக்கும் 'பை'தான்.

எதிர்மறையில் கூடுதல் கவனம் தேவை. லாரி 'வில் நாட் லீவ் டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளியன்று புறப்படும் என்றே வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். 'வில் நாட் ஹாவ் லெஃப்ட் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளியன்றும் அது இங்கேதான் நிற்கும்.

'பிஃபோர் ஃப்ரைடே' என்று எழுதினால் வியாழனோடு கெடு முடிந்துவிடும். ஒப்பந்தக் கடிதங்களில் அந்த நாளும் சேர்த்தி என்பதில் ஐயமே எழக்கூடாது என்பதால், 'ஆன் ஆர் பிஃபோர்' என்று எழுதித் தேதியையும், முடிந்தால் இந்திய நேரப்படி மணியையும் சேர்த்துவிடுங்கள்.