படுத்துக் கிடக்கும் கல்லூரிப் படகோட்டக் கழகத்தை எப்படி எழுப்புவது?

கொழும்பில் மாணவர்களே நடத்திய துடுப்புப் படகுக் கழகம் இரண்டு வருடமாக முடங்கிவிட்டது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்மர் படகை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்குச் சுக்கான் பிடிப்பவரோடு ஒன்பது பேர் வேண்டும். ஒருவர் டெங்கில் படுத்தால் அன்றைய பயிற்சி போச்சு. சுக்கான் பிடிப்பவரும் இருக்கும் நால்வர் படகு போதும். வலிப்பவர்கள் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருவார்கள், ஆகவே முன்னே பார்க்கும் அந்தச் சுக்கான்காரரை முதலில் பழக்குங்கள்.

படகு வாங்கக் காசு சேர்க்க ஓடாதீர்கள். பேறை வாவியில் 1864இல் தொடங்கிய கொழும்பு படகோட்டக் கழகம் இன்றும் இருக்கிறது. அங்கே போய்ப் படகு, பயிற்சி நேரம் பற்றிப் பேசிப் பாருங்கள். நீந்தத் தெரியாதவரை மட்டும் ஏற்றவே வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

பயிற்சியை விடியற்காலையில் வையுங்கள். ஏப்ரல், ஒக்டோபர் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். வாவித் தண்ணீரின் பச்சை நிறம் உங்களுக்குத் தெரியும்தானே? சுத்தமான தண்ணீர் இல்லை. கையில் கொப்புளம் உடைந்திருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு இறங்குங்கள், கரையேறியதும் குளியுங்கள்.

இத்தகைய கழகங்கள் பெரும்பாலும் காசில்லாமல் சாவதில்லை. இறுதியாண்டு மாணவர்கள் போகும்போது சாவி, கணக்கு, தொலைபேசி எண்கள் எல்லாம் கூடவே போய்விடுகின்றன. தலைவர் இறுதியாண்டு என்றால் செயலாளர் இரண்டாம் ஆண்டாக இருக்கட்டும். அப்புறம், ஒரு சிஆர் கொப்பி (கெட்டி அட்டை போட்ட தடித்த குறிப்பேடு) வாங்கி எல்லாவற்றையும் அதில் எழுதி வையுங்கள்.