மென்பொருளை நிறுவ எந்தக் கருவி? உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

கேள்வி: என் கணினியில் நிரலைத் தொகுக்கவும் சோதிக்கவும் மேக் (make) என்ற கருவி போதுமானதாக இருக்கிறது. சர்வருக்கு அனுப்புவதையும் அதன் கட்டளைகள் இருக்கும் அதே மேக்ஃபைலில் எழுதிவிடலாமா?

ஒரே ஒரு சர்வர் என்றால் தாராளமாக எழுதலாம். ஆனால் மேக் எதை வைத்து முடிவெடுக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய காலத்திலிருந்தே அது பார்ப்பது கோப்புகளின் நேரத்தைத்தான். மூலக் கோப்பு புதியதாகவும் அதிலிருந்து உருவானது பழையதாகவும் இருந்தால் மறுபடி உருவாக்கும். இல்லையென்றால் சும்மா இருக்கும். இரண்டும் உங்கள் வட்டில் இருக்கும்வரை அருமையான கணக்கு. சர்வரில் என்ன இருக்கிறது என்பதோ அதற்குத் தெரியவே தெரியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சர்வருக்கு அனுப்பும் இலக்குக்கு (மேக்ஃபைலில் உள்ள வேலைக்கு) 'டிப்ளாய்' என்று பெயர் வைத்தீர்கள். அதே பெயரில் ஓர் அடைவும் இருக்கிறது. மேக் எதையும் செய்யாமல், எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடக்கூடும். இதில் ஒரு மாலைப் பொழுதை முழுதாகத் தொலைத்தவன் நான். இலக்கை 'ஃபோனி', அதாவது கோப்பல்ல, வெறும் வேலையின் பெயர் என்று அறிவித்தால் தீர்ந்தது.

கேள்வி: பத்து சர்வர்கள். ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) ஒரு சுழற்சி போட்டு, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக அனுப்புகிறேன். போதாதா?

ஏழாவது சர்வரில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வீர்கள்? ஆறில் புதிய பதிப்பு, மூன்றில் பழையது, ஒன்றில் பாதி. மறுபடி முதலிலிருந்து ஓட்டினால், முடிந்த ஆறிலும் அதே கட்டளைகள் இரண்டாம் முறை ஓடும். உள்ளமைவுக் கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கும் கட்டளை அதில் இருந்தால், அந்த வரி இரட்டிப்பாகிவிடும்.

இந்த இடத்தில்தான் பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் என்ற கருவி கைகொடுக்கிறது. சர்வரில் தனி முகவர் மென்பொருள் வேண்டாம். எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும். 'இந்த வரி இருக்க வேண்டும்' என்று எழுதுகிறீர்கள். ஏற்கெனவே இருந்தால் தொடாமல் போய்விடும். எந்த சர்வர் தோற்றது என்பதை முடிவில் பெயர் சொல்லிக் காட்டும். 'சீரியல்' மதிப்பை 2 என்று வைத்தால் இரண்டிரண்டாகப் போகும். ஒரு தொகுதியில் இரண்டுமே தோற்றால் மிச்சத்தைத் தொடாமல் நின்றுவிடும். ஆனால் எல்லாவற்றையும், கட்டளைகளை அப்படியே ஓட்டும் அதன் 'ஷெல்' கூறுக்குள் அள்ளிப் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பழைய ஸ்கிரிப்டுக்குப் புதுச் சட்டை மாட்டியது போலத்தான்.

கேள்வி: ஆன்சிபிளை என் மடிக்கணினியிலேயே ஓட்டலாமா?

ஓட்டலாம், இணைப்பு வகையை 'லோக்கல்' என்று கொடுங்கள். புதுக் கணினியில் தேவையான மென்பொருள் பொதிகளை நிறுவ நல்லது. நிரல் தொகுக்க அதைப் பயன்படுத்த வேண்டாம்; மேக்கின் வேகம் வராது.

கேள்வி: கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் மூலம் சர்வருக்கு அனுப்பினேன். பயனர்கள் பதிவேற்றிய படங்கள் அழிந்துவிட்டன. ஏன்?

'டெலீட்' விருப்பத்தைக் கொடுத்திருப்பீர்கள். உங்கள் பக்கம் இல்லாததை அந்தப் பக்கமும் நீக்கு என்பதே அதன் பொருள். அது சொன்னதைத்தான் செய்தது. அடுத்த முறை எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் 'ட்ரை-ரன்' விருப்பத்தையும் விவரம் காட்டும் 'வெர்போஸ்' விருப்பத்தையும் சேர்த்து ஓட்டி, எவையெல்லாம் நீங்கும் என்ற பட்டியலை முதலில் படியுங்கள். படங்களை நிரல் அடைவுக்கு வெளியே வைப்பது இன்னும் மேல். கேபிஸ்ட்ரானோ என்ற நிறுவல் கருவி அப்படித்தான் செய்கிறது: ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி அடைவு, பொதுக் கோப்புகளுக்கு வேறோர் அடைவு, நடப்புப் பதிப்பைச் சுட்ட ஓர் இணைப்பு (சிம்லிங்க்). பின்வாங்க வேண்டுமானால் அந்த இணைப்பை முந்தைய அடைவுக்குத் திருப்பிவிடுகிறது. தரவுத்தள அட்டவணையில் செய்த மாற்றம் மட்டும் அதோடு திரும்பி வராது. அதற்கான பின்வாங்கும் ஸ்கிரிப்டை நீங்கள்தான் எழுத வேண்டும்.