புனிதர்களிடம் வேண்டிக்கொள்வது விக்கிரக ஆராதனையா? என் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்

"கத்தோலிக்கர்கள் இயேசுவிடம் நேரடியாகக் கேட்காமல் அந்தோனியாரிடமும் மாதாவிடமும் போய்க் கேட்கிறார்களே, இது விக்கிரக ஆராதனை இல்லையா? வீட்டில் இருக்கும் சொரூபத்தை (புனிதரின் சிலையை) என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது கேள்வியைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். வெறும் சந்தேகத்துக்குக் கேட்கிறவர் சொரூபத்தை என்ன செய்வது என்று கேட்க மாட்டார். நீங்கள் சபைக்கு, அதாவது சொரூபம் வைக்காத வேறு கிறிஸ்தவக் கூட்டத்துக்கு, போகத் தொடங்கியிருக்கிறீர்கள், வீட்டில் அம்மாவோ மாமியாரோ இன்னும் மெழுகுதிரி கொளுத்துகிறார், அதை வைத்து வீட்டில் பேச்சு தடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

நான் இறையியல் படித்தவள் இல்லை. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். சபைக்குப் போகிறவர்களைத் தாக்கவும் இதை எழுதவில்லை. என் கூடப்பிறந்த அண்ணனே சபையில்தான் இருக்கிறார். அவருடைய செபத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

உங்கள் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதுதான். ஆராதனை கடவுள் ஒருவருக்கே. திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று 787இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கமே தீர்த்துச் சொல்லிவிட்டது. ஏட்டில் இருப்பதை விடுங்கள். எங்கள் கோயிலில் மன்றாட்டுமாலை சொல்லும் நேரத்தில் வந்து பின்னால் நின்று கேளுங்கள். தந்தையிடமும் மகனிடமும் தூய ஆவியிடமும் "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்போம். மாதாவின் பெயரோ சூசையப்பர் பெயரோ அந்தோனியார் பெயரோ வந்தவுடன் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மாறிவிடும். எழுத்து தெரியாத பாட்டிமார்கூட அந்த இடத்தில் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரிடம் இரக்கம் கேட்க வேண்டும், யாரை நம்மோடு சேர்ந்து கேட்கச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் இயேசு ஒருவரே இணைப்பாளர் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தை உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அதை நாங்களும் நம்புகிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் எல்லாருக்காகவும் பரிந்து மன்றாடுங்கள் என்றும் அவரே சொல்கிறார். ஒருவர் மற்றவருக்காக மன்றாடுவதால் இயேசுவின் இடம் பறிபோகும் என்றால் பவுல் அப்படிச் சொல்லியிருப்பாரா?

சரி, இப்போது வீட்டுக்கதைக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் சைவக்காரர்கள், நாங்கள் கொஞ்சம் குடும்பங்கள்தான் கோயிலுக்குப் போகிறவர்கள். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே அந்தோனியார் சொரூபம் ஒன்று, பழுப்பு அங்கி, கையில் குழந்தை இயேசு, லீலிப் பூ. செவ்வாய்க்கிழமை அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா மடுவத்திலிருந்து நேரே அங்கேதான் வருவார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்த்திருக்க மாட்டார். தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த விரல்களைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் சொரூபத்தின் பாதத்தைத் தொடுவார். அம்மாவைப் போலப் பலர் தொட்டுத் தொட்டு, அந்தப் பாதத்தில் பெருவிரல் இருந்த இடத்தில் சாயமே இல்லை, வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். (செவ்வாய்க்கிழமை ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தோனியார் 1231 ஜூன் 13ஆம் தேதி இறந்தார், அடக்கம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு வருடம் முடிவதற்குள்ளேயே புனிதராக அறிவித்துவிட்டார்கள்.)

அண்ணன் கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் சபையில் சேர்ந்தார். குடிப்பதை நிறுத்தினார். அதற்காக அந்தச் சபைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் லீவில் வந்த முதல் தடவையே லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் அறையில்) மாடத்தில் இருந்த சின்ன சொரூபத்தைக் காட்டி, "அம்மா, இது வெறும் சுண்ணாம்பு. இதை எடுத்துப் போடுங்க, இல்லாட்டி இந்த வீட்டுல ஆசீர்வாதம் தங்காது" என்றார். அம்மா சத்தம் போடவில்லை. "சுண்ணாம்புன்னு எனக்குந் தெரியும்டா. செவத்துல உங்க தாத்தா போட்டோ தொங்குதே, அது கடதாசின்னு கழட்டியா போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. கண்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அண்ணன் சபையில் உபவாசம் இருந்து செபித்தார். அம்மா அந்தோனியாருக்கு நவநாள் செபம் வைத்தார். மாத்தளைப் பக்கம் வாஹக்கோட்டை அந்தோனியார் கோயிலுக்கும் போய் வந்தார். அப்பா பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த செவ்வாயே அம்மா கோயிலுக்குப் புறப்பட்டார். அண்ணனுக்குத் தாங்கவில்லை. "இத்தனை நாள் கேட்டீங்களே, உங்க அந்தோனியார் என்ன செஞ்சாரு?" என்று கேட்டுவிட்டார். நான் பயந்தே போனேன். அம்மா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "நீயும்தான் கேட்ட. ஒன் சபையே கேட்டுச்சு. கடவுள் குடுக்கலன்னு நீ செபிக்கிறத நிறுத்திட்டியா? இப்ப ஒங்கப்பாவும் அங்கதான் இருக்காரு. இன்னமே ரெண்டு பேருமாச் சேந்து நமக்காகக் கேப்பாங்க." அவ்வளவுதான் சொன்னார். தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

புனிதர்கள் என்றால் யார் என்று என்னிடம் யாராவது கேட்டால், மறைக்கல்விப் புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். கடவுளிடம் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாருமே புனிதர்கள்தான். அவர்களில் சிலருடைய பெயரைத்தான் திருச்சபை எடுத்துச் சொல்கிறது. பெயர் தெரியாத மற்ற எல்லாருக்கும் சேர்த்துத்தான் நவம்பர் 1ஆம் தேதி திருநாள். மறுநாள் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். நம்பிக்கை அறிக்கையில் 'புனிதர்களின் சமூக உறவு' என்று சொல்கிறோமே, அது இதுதான். கடவுள் இறந்தோரின் கடவுள் அல்ல, வாழ்வோரின் கடவுள் என்று இயேசு சொன்னது லூக்கா 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வாழ்கிறவர்கள் என்றால் நமக்காகக் கேட்கவும் செய்வார்கள்தானே? உயிரோடு இருந்தவரைக்கும் எங்களுக்காக முழங்காலில் நின்ற மனுசன், கடவுளின் பக்கத்தில் போனதும் எங்களை மறந்துவிடுவாரா?

"செத்தவர்களிடம் பேசக் கூடாது என்று வேதாகமத்தில் இருக்கிறதே" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். இணைச்சட்ட நூல் 18இல் தடை இருப்பது, ஆவிகளைக் கூப்பிட்டுக் குறி கேட்பதற்கு. நாங்கள் யாருடைய ஆவியையும் இறக்கவில்லை, யாரிடமும் வருங்காலம் கேட்கவில்லை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறோம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்களில் சிலர் நேர்த்தி வைக்கிறோம் என்று புனிதரிடம் பேரம் பேசுவதை நானும் பார்த்திருக்கிறேன். கேட்டது கிடைக்காவிட்டால் சொரூபத்தை மூலையில் திருப்பி வைப்பார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அதைத் திருத்துவது எங்கள் வேலை. அதற்காக "தோட்டத்துச் சனத்துக்கு இவ்வளவுதான் விளங்கும்" என்று பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அந்தப் பேச்சு சபைக்காரர்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. டவுன் பக்கத்துக் கத்தோலிக்கர் வாயிலிருந்தும் வந்திருக்கிறது.

        

திருச்சபை ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்கும்போது அவரைப் புதிதாக எதுவாகவும் ஆக்குவதில்லை. அவர் கடவுளோடு இருக்கிறார், அவருடைய வாழ்க்கையை நம்பிப் பின்பற்றலாம் என்று சொல்கிறது. அதற்கு முன்னால் வருடக்கணக்கில் விசாரிப்பார்கள். இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், முத்திப்பேறு பெற்றவர், அதன் பிறகுதான் புனிதர். மறைசாட்சியாக (விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்து) இறக்காதவர் என்றால், அவருடைய பரிந்துரையால் நடந்த புதுமை (அற்புதம்) ஒன்றை மருத்துவர்களும் பார்த்து உறுதி செய்த பிறகே முத்திப்பேறு. புனிதராக அறிவிக்க வழக்கப்படி இன்னொன்று வேண்டும்.

நம் மலைநாட்டிலேயே அப்படி வாழ்ந்த ஒருவர் இருக்கிறார், புனித யோசேவாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்தவர். கரையோரத்தைப் பிடித்திருந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் ஏழைக் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். தமிழும் சிங்களமும் பேசி இரண்டு சனத்துக்கும் பணி செய்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, சொந்தக்காரர்களே கைவிட்டு ஒதுக்கிய நோயாளிகளைத் தேடிப் போய்க் கழுவி, கஞ்சி கொடுத்து, இறந்தவர்களைத் தன் கையால் புதைத்தார். யார் எந்த மதம் என்று பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் தேதி கண்டியிலேயே இறந்தார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் கொழும்புக்கு வந்து முத்திப்பேறு கொடுத்தார். 2015 ஜனவரி 14ஆம் தேதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இரண்டாவது புதுமை வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

அன்றைக்கு நாங்களும் தோட்டத்திலிருந்து இரவே பஸ் ஏறிப் போனோம். மறுநாள் தைப்பொங்கல், அதனால் வர முடியாது என்று முதலில் சொன்ன பக்கத்து வீட்டுச் சைவக்கார அக்காவும் கடைசியில் ஏறிவிட்டார். அம்மை கண்டவர்களைத் தொட்டுக் கழுவிய மனுசன் என்று அம்மா சொன்னதுதான் அவருக்குப் போதுமாக இருந்தது. அண்ணன் வரவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரியே போன் பண்ணி, அந்த அம்மை நோய்க் கதையை முழுசாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அவரு நல்ல விசுவாசி" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே எனக்குப் பெரிசு. அதற்குமேல் நான் வாதாடவில்லை.

கடைசியாக சொரூபம். உங்களுக்கு மனம் ஒப்பாவிட்டால் நீங்கள் அதன் முன்னால் நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை. இயேசுவிடம் நேரடியாகவே செபியுங்கள், நாங்களும் தினமும் அதைத்தான் செய்கிறோம். புனிதரிடம் வேண்டாதவருக்கு மீட்பு இல்லை என்று திருச்சபை சொல்லவே இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் அதன் முன்னால் மெழுகுதிரி கொளுத்துகிறவராக இருந்தால், அவர் இல்லாத நேரம் பார்த்து எடுத்துப் போடாதீர்கள், உடைக்காதீர்கள். அவர் காலத்துக்குப் பிறகு உங்களுக்கு வேண்டாம் என்றால், பக்கத்துப் பங்குக் கோயிலில் பாதரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏன், எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொள்வார்.